பங்களாவும் லைனும்: தங்கவயலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஒரு வீடு எப்போது பாரம்பரியம் ஆகிறது? வயசானால் போதும் என்று தோன்றும். போதாது. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் ஒரு வீட்டை அரசாங்கம் நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. 1878-இல் ராஜாஜி பிறந்த வீடு. அந்த வீட்டின் வயசுள்ள மற்ற வீடுகளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. வயசு ஒரு நிபந்தனைதான். எந்த வயசை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் வேறெங்கோ இருக்கிறது.

இதே ஓசூரில் சிப்காட் வந்த பிறகு, அதாவது 1970-களுக்குப் பிறகு, தொழிற்பேட்டையைச் சுற்றி முளைத்தவை லைன் வீடுகள். நீளமாக ஒரே சுவர். பத்துக்குப் பத்தில் ஏழோ எட்டோ அறைகள். கடைசியில் பொதுக் கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. முதலில் தர்மபுரி, சேலம் பக்கத்துப் பையன்கள் இருந்தார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த இந்த ஊர் இந்த அறைகளில் படுத்து எழுந்துதான் வளர்ந்தது. ஆனால் 'ஓசூரின் வரலாறு' என்று யாராவது புத்தகம் போட்டால் கோட்டை வரும், மலைமேல் சந்திரசூடேஸ்வரர் வருவார். லைன் வீடு வராது.

'லைன்' என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். இது சிப்பாய்களுக்கும் கூலிகளுக்கும் வெள்ளைக்காரன் கட்டிய வரிசைக் குடியிருப்பின் பெயர். இலங்கை மலையகத்தில் அது 'லயம்' ஆயிற்று. நம் பக்கம் 'லைன்' ஆகவே தங்கிவிட்டது. ஊர் என்கிறோம், சேரி என்கிறோம், தெரு என்கிறோம். இவை குடியிருப்பவர்களின் உறவிலிருந்து வந்த சொற்கள், ஒடுக்குகிற உறவாகவே இருந்தாலும். லைன் அப்படிப்பட்டதல்ல. வேலைக்கு ஆள் எண்ணுகிறவன் வரைபடத்தில் போட்ட கோடு அது.

இந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது: கோலார் தங்கவயல். பழைய சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து போன தலித் மக்கள் கட்டிய ஊர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அந்தப் பழைய சேலத்துக்குள்தான் இருந்தது. ஆகவே எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது அந்நிய ஊர் கிடையாது.

2

தங்கவயலுக்குப் போவதற்கு முன்னால் 'பாரம்பரியக் குடியிருப்பு' என்கிற கருத்தாக்கம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம். இன்று உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் மாதிரிகளில் அமெரிக்க மாதிரி முக்கியமானது. 1931-இல் சார்ல்ஸ்டன் நகரம் தன்னுடைய பழைய பகுதியைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தது. 1966-இல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசியச் சட்டம் வந்தது, அதன் கீழ் ஒரு தேசியப் பதிவேடு வந்தது. இன்று அங்கே சின்னச் சின்ன ஊர்களில்கூட 'வரலாற்றுக் குடியிருப்புப் பகுதி' என்று பலகை தொங்குகிறது.

செயல்முறை எளிமையானது. முதலில் வரைபடத்தில் ஒரு எல்லைக்கோடு. பிறகு 'முக்கியத்துவக் காலம்' என்று ஒரு கால எல்லை. 1880 முதல் 1920 வரை என்று வைத்துக்கொள்வோம். பிறகு கோட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு கட்டிடத்தையும் இரண்டில் ஒன்றாகப் பிரிப்பார்கள்: பங்களிக்கும் கட்டிடம், பங்களிக்காத கட்டிடம். அந்தக் காலத்தில் கட்டப்பட்டு, அதன் தோற்றம் பெரிதாக மாறாமல் இருந்தால் அது பங்களிக்கிறது. பிற்காலத்தில் கட்டியது என்றாலோ, மாற்றிக் கட்டி உருவம் கெட்டுவிட்டது என்றாலோ பங்களிக்கவில்லை. பொதுவாக 50 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

பங்களிப்பது, பங்களிக்காதது என்ற இந்தப் பிரிவினையில்தான் விஷயம் இருக்கிறது. பார்க்க இது தொழில்நுட்ப வகைப்பாடு. படித்துப் பார்த்தால் அதிகாரத்தின் சொல்லாடல். கட்டினவனின் காலம் எண்ணப்படுகிறது, குடியிருந்தவனின் காலம் எண்ணப்படுவதில்லை. வசதி இருந்தவன் நல்ல மரத்தாலும் கல்லாலும் கட்டினான், அதனால் அது மாறாமல் நிற்கிறது, அதனால் பங்களிக்கிறது. வசதி இல்லாதவன் தகரத்தை மாற்றி ஓடு போட்டான், ஓட்டை மாற்றி ஆஸ்பெஸ்டாஸ் போட்டான், ஒரு சுவரை இடித்துக் கக்கூஸ் கட்டினான். அவன் வீடு உருவம் கெட்டது. அதனால் பங்களிக்கவில்லை. ஏழ்மை ஒருமுறை வீட்டைக் கெடுத்தது. இரண்டாம் முறை வரலாற்றிலிருந்தே அதை வெளியேற்றியது.

நம் பக்கமும் இதே கதைதான். பாரம்பரிய வீடு என்றதும் நமக்குச் செட்டிநாட்டு வீடு நினைவுக்கு வரும், புதுச்சேரியின் வெள்ளை நகரம் வரும். பர்மாத் தேக்கைப் பற்றிப் பேசுவோம். அந்தத் தேக்கை வாங்கிய வட்டிப் பணத்தைப் பற்றியும், அதைக் கட்டின விவசாயியைப் பற்றியும் பேசமாட்டோம்.

3

அமெரிக்காவிலேயே ஒரு சுரங்க ஊரைப் பார்க்கலாம். மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் கேலுமெட் என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் செப்பு எடுத்த ஊர். கேலுமெட் அண்ட் ஹெக்லா என்ற கம்பெனிதான் அங்கே எல்லாம்: சுரங்கம், வீடு, நூலகம், பள்ளிக்கூடம், தேவாலயத்துக்கு நிலம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள், பின்லாந்துக்காரர்கள், இத்தாலியர்கள், குரோஷியர்கள் எல்லோரும் கம்பெனி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

1913-இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வருஷம் டிசம்பர் 24 அன்று வேலைநிறுத்தம் செய்தவர்களின் குழந்தைகளுக்காக இத்தாலிய மன்றத்தின் மாடியில் ஒரு கிறிஸ்துமஸ் கூட்டம். யாரோ 'தீ' என்று கத்தினார்கள். தீ எதுவும் இல்லை. படிக்கட்டில் நசுங்கி 73 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

அந்த ஊர் 1989-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1992-இல் அதைச் சேர்த்து ஒரு தேசிய வரலாற்றுப் பூங்காவே உருவானது. கம்பெனியின் கட்டிடங்கள் கம்பீரமாக நிற்கின்றன. இத்தாலிய மன்றம்? அதை 1984-இலேயே இடித்துவிட்டார்கள். வாசல் வளைவை மட்டும் எடுத்து நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். கம்பெனியின் நினைவு கட்டிடமாக நிற்கிறது. தொழிலாளியின் நினைவு வெறும் வாசலாக நிற்கிறது. உள்ளே போனால் ஒன்றும் இல்லாத வாசல்.

ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பாட்டாளியின் குடியிருப்பும் வரலாறுதான் என்று ஒப்புக்கொள்வதற்காவது ஒரு சட்டகம் இருக்கிறது, சண்டை போடவும் ஒரு இடம் இருக்கிறது. கார்ன்வாலில் அது இன்னும் தெளிவு. கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எஞ்சின் கூண்டுகளோடு சேர்த்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளும் அந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. டேவிஸ்டாக் என்ற சின்ன ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெட்ஃபோர்டு பிரபு கட்டிய வரிசை வீடுகள் அவற்றில் அடக்கம். வரிசை வீடு என்றால் வேறென்ன? லைன்தான்.

டேவிஸ்டாக் ஊர் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த ஊரைச் சுற்றித்தான் ஜான் டெய்லர் என்ற சுரங்கப் பொறியாளர் தன் தொழிலை ஆரம்பித்தார். 1817-இல் திறந்த டேவிஸ்டாக் கால்வாய் அவர் வேலை. அவருடைய பரம்பரை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880-இல் கோலாருக்கு வந்து தங்கச் சுரங்கத்தை எடுத்து நடத்தியது. ஒரே முதல், ஒரே தொழில், ஒரே மாதிரி வரிசை வீடு. அங்கே அது உலகப் பாரம்பரியம். இங்கே அது ஆக்கிரமிப்பு.

4

தங்கவயலின் வெளி எப்படிப் பிரிக்கப்பட்டது என்று பார்க்கலாம். மேட்டில் பங்களாக்கள்: சுற்றிலும் தோட்டம், முன்னால் வராந்தா, பின்னால் வேலைக்காரர் அறை. கிளப் இருந்தது, கோல்ஃப் மைதானம் இருந்தது, தேவாலயங்கள் இருந்தன. 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். பத்திரிகைகள் இன்றுவரை அதைச் சொல்லித்தான் பெருமூச்சு விடுகின்றன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தது ஆசியாவின் சாதனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான், சாதனைதான்.

கீழே லைன்கள். ஆரம்பத்தில் மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, மண் தரை. 'தட்டி வீடு' என்றே பேச்சு. ஒரு அறைக்குள் குடும்பம், விருந்தாளி, சில சமயம் கூடத் தங்குகிற ஊர்க்காரன். தண்ணீருக்குப் பொதுக் குழாய், வெளிக்குப் போகப் பொது இடம். லைன்களின் பெயர்களைப் பாருங்கள்: கென்னடி லைன், ஹென்றி லைன். இருந்தவன் முனுசாமியாகவோ சின்னப்பனாகவோ இருப்பான், விலாசம் வெள்ளைக்காரன் பெயரில் இருக்கும்.

பங்களாவும் லைனும் எதிரெதிர் உலகங்கள் என்று சொல்லி விட்டுவிட முடியாது. இரண்டும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். உள்ளே யார் ஷிஃப்ட் என்று பெண்கள் கணக்குப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். வீடு வேலைத்தளத்தின் கூரையாக இருந்தது, உவமையாகச் சொல்லவில்லை.

வேலைத்தளத்தின் கண்காணிப்பும் வீட்டுக்குள் வந்தது. தங்கத் திருட்டைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டமே போட்டது. கம்பெனிக்குச் சொந்தமாகக் காவல் படை. உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், வீட்டைக் கலைத்துப் பார்ப்பார்கள். வீடு அந்தரங்கம், வேலை பொதுவெளி என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவு பங்களாவுக்குத்தான் பொருந்தும். லைனுக்குக் கதவு இருந்தது, அந்தரங்கம் இருக்கவில்லை.

ஏங்கெல்ஸ் 1872-இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில் இதன் பொருளாதாரத்தை விளக்கியிருக்கிறார். முதலாளியே வீடும் கொடுத்தால் அது தர்மம் கிடையாது. வேலைநிறுத்தம் செய்தால் வேலையோடு கூரையும் போகும். கூலியில் ஒரு பகுதி வாடகையாகத் திரும்பி அவனிடமே வரும். தங்கவயலுக்கு அப்படியே பொருந்துகிறது, ஒரே ஒரு விஷயம் தவிர. ஏங்கெல்ஸுக்குச் சாதி தெரியாது.

5

சாதிதான் இங்கே கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிளம்பினவர்கள் சேரியை விட்டுக் கிளம்பினார்கள். சேரி என்பது ஊரை ஒட்டி, ஊருக்குக் கீழே, ஊரின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருப்பது. தங்கவயலில் ஊர் என்று ஒன்று முன்னாலேயே இல்லை. மிராசுதார் இல்லை. கூலி காசாக வந்தது. சாதி அழிந்துவிட்டது என்று சொல்லவரவில்லை, மேஸ்திரி மூலமாகவும் வேலைப் பிரிவினை மூலமாகவும் அது கூடவே வந்தது. ஆனால் யாரைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு லைனில் பழைய பதில் செல்லவில்லை. கம்பெனி போட்ட கோடு, தான் நினைக்காத ஒரு காரியத்துக்கும் இடம் கொடுத்தது.

அந்த இடத்தில் என்ன நடந்தது? அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை வந்தது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு உறுதியான வாசகர்கள் தங்கவயலில் இருந்தார்கள். 1914-இல் அவர் இறந்த பிறகு, 1920-களில் அதே இதழைச் சாம்பியன் ரீஃபிலிருந்து ஜி. அப்பாதுரையார் மறுபடியும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சுப் போட்டது. பிற்காலத்தில் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபோது தமிழ் அறிவுலகம் திடுக்கிட்டது. எங்கோ புதைந்திருந்ததைத் தோண்டி எடுத்தது போலப் பேசினார்கள். அது புதைந்திருக்கவில்லை, சிலருடைய வீட்டுப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தது. அந்த வீடுகளில் லைன் வீடுகளும் உண்டு.

1930-இல் நிர்வாகம் எல்லாத் தொழிலாளரின் விரல் ரேகையையும் பதிவு செய்ய முயன்றது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. சங்கம் என்று பதிவு பெற்ற எதுவும் முன்னால் நின்று நடத்திய போராட்டம் கிடையாது அது. லைனுக்கு லைன் பேச்சுப் பரவித்தான் நடந்திருக்க வேண்டும். ஆள் எண்ணுவதற்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய சுவர்கள் வழியாகவே செய்தியும் போனது. 1940-களில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், 1946-இல் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஒரு குடியிருப்பு எதனால் வரலாற்று முக்கியத்துவம் பெறுகிறது என்ற கேள்விக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்? பங்களாவில் நடந்தது கணக்கு எழுதுவது, தேநீர் குடிப்பது. தமிழ் பௌத்தம், தலித் பத்திரிகை, தொழிற்சங்கம் எல்லாம் உருவானது லைனில். முக்கியத்துவக் காலம் என்று ஒன்றைக் குறிக்கச் சொன்னால் நான் 1907-ஐயும் 1930-ஐயும்தான் குறிப்பேன்.

6

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன, 1962-இல் மத்திய அரசுக்குப் போயின, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த ஊர் அது. மூடிய பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். வேலை போன பிறகும் வீட்டை விடவில்லை. கம்பெனி நிலம், கம்பெனி வீடு, உரிமை யாருக்கு என்ற வழக்கு இன்னும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

இதற்கு நடுவில் தங்கவயலுக்குத் திடீர்ப் புகழ். 2018-இலும் 2022-இலும் அதன் பெயரிலேயே வந்த கன்னடப் படங்கள் இந்தியா முழுக்க ஓடின. அவற்றில் தங்கவயல் ஒரு கற்பனை நரகம். 2024-இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' அந்த வரலாற்றின் தொடக்கத்தைத் தலித் பார்வையில் சொல்ல முயன்றது. அதே 2024-இல் சயனைடு மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு. மண்ணுக்கு விலை உண்டு, மண்ணைக் குவித்தவர்களின் வீட்டுக்கு மதிப்பு இல்லை.

கர்நாடகத்துக்கு இவர்கள் தமிழர்கள். தமிழ்நாட்டுக்கு இவர்கள் கர்நாடகத்துக்காரர்கள். கீழடிக்கு 2023-இல் அருங்காட்சியகம் திறந்தோம், நல்ல காரியம்தான். ஆனால் தமிழ்ப் பெருமிதம் என்கிற பெருங்கதையாடலுக்கு 2,500 வருஷத்துக்கு முந்தின செங்கல் சுவர் வசதியாக இருக்கிறது, 100 வருஷத்துக்கு முந்தின தட்டிச் சுவர் சங்கடமாக இருக்கிறது. கீழடிச் சுவர் யாருக்கும் பட்டா கேட்காது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். கக்கூஸ் இல்லாத ஒற்றை அறையைப் பாரம்பரியம் என்று கொண்டாடச் சொல்கிறாயா? அடிமைத்தனத்தின் கட்டிடத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? இடித்துப் போட்டு நல்ல வீடு கட்டிக் கொடு என்பதுதானே நியாயம்? நியாயம்தான். லைனை அப்படியே உறைய வைத்து, டிக்கெட் போட்டு, சுற்றுலாக்காரனுக்குக் காட்டுவதைவிட அவமானம் வேறில்லை. அது ஏழ்மையைக் காட்சிப் பொருளாக்குவது.

நான் சொல்வது வேறு. அமெரிக்கப் பதிவேட்டின் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மாறாமல் இருப்பது அல்ல, மாற்றப்பட்டதுதான் லைன் வீட்டின் வரலாறு. தட்டி எடுத்துச் சுவர் வைத்தது எப்போது, முதல் தனிக் கக்கூஸ் எப்போது, சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியது எப்போது, புத்தர் வந்தது எப்போது, மாதாவும் மாரியம்மனும் எந்தப் பக்கம்? ஒவ்வொரு மாற்றமும் கம்பெனி போட்ட கோட்டின் மேல் குடியிருந்தவன் எழுதிய திருத்தம். கட்டிடக்கலை நிபுணன் 'உருவம் கெட்டது' என்று குறிக்கிற இடத்தில்தான் பிரதி தொடங்குகிறது.

அப்படியானால் பாதுகாப்பு என்பது என்ன? முதலில் பட்டா. குடியிருப்பவனுக்கு உரிமை இல்லாத எந்தப் பாரம்பரியமும் கொள்ளைதான். சார்ல்ஸ்டன் போன்ற இடங்களில் தெரு அழகானது, வாடகை ஏறியது, அங்கிருந்த கறுப்பின ஏழைகள் வெளியேற நேர்ந்தது என்று விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள். உரிமை முதலில், பலகை அப்புறம். இரண்டாவது, ஆவணம்: லைன் லைனாக வாய்மொழி வரலாறு, வரைபடம், பெட்டிகளில் கிடக்கிற சம்பளச் சீட்டு, சங்க நோட்டீஸ், பழைய இதழ்கள். இதற்கு அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை; நம் மாதிரிச் சிறுபத்திரிகைக்காரர்களும் அமைப்புத் தோழர்களும் தொடங்கலாம். மூன்றாவது, எந்த லைனில் எந்த வீட்டை அப்படியே வைப்பது, எதை இடிப்பது என்ற முடிவு அங்கே இருக்கிறவர்களுடையதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இடிப்போம் என்று அவர்கள் சொன்னால் அதுவும் முடிவுதான்.

இது பழைய ஊரின் பிரச்சினை மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள். ஓசூர் வட்டாரத்திலும் புதுத் தொழிற்சாலைகளோடு பெண்களுக்கான பெரிய பெரிய விடுதிகள் வருகின்றன. தட்டி வீட்டோடு ஒப்பிட்டால் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு அறையிலிருந்து படுக்கைக்கு இறங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். லைனில் குடும்பம் இருந்தது, சுவர் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான். பெட்டியில் ஒரு பத்திரிகையைப் பதுக்க இடம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்கிற படுக்கையில் ஒரு பெண் எதை விட்டுவிட்டுப் போக முடியும்? வேலைக்காரர்கள் எங்கே, எப்படி, எத்தனை பேரோடு தங்குகிறார்கள் என்பதை இன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், நூறு வருஷம் கழித்து ஓசூருக்கும் கோட்டையும் கோயிலும்தான் வரலாறாக மிஞ்சும்.